எந்த அரை இன்ச்?

போன வருஷம் ஒரு பழைய டிரில்லிங் மெஷின் வாங்கினேன். தரையில் நிற்கும் வகை. முழுக்க வார்ப்பிரும்பு, நகர்த்தவே நாலு பேர் வேண்டும். மேசையை இறுக்கிப் பிடிக்கிற போல்ட் மட்டும் காணோம். "அது என்ன சார் பெரிய விஷயம், அரை இன்ச் போல்ட் ஒண்ணு போட்டா முடிஞ்சுது" என்றார் விற்றவர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் அரை இன்ச் போல்ட் கேட்டேன், கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திருகினால் ஒன்றரைச் சுற்று அழகாகப் போனது. அதற்கு மேல் இறுக்கம். உள்ளே துரு இருக்கும் என்று எண்ணெய் விட்டேன். நீளமான ஸ்பேனரைப் போட்டு ஓர் அழுத்து அழுத்தினேன். 'கரக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் போல்ட் தாராளமாகச் சுற்றியது, வெளியே இழுத்தால் வார்ப்பிரும்பு மரை தூள்தூளாகக் கூடவே வந்தது.

மறுநாள் அதே மெஷினின் வேறோர் இடத்திலிருந்த போல்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மேசை டிராயரிலிருந்து விசிறி மாதிரி விரிகிற ஒரு கேஜை எடுத்தார். ரம்பம்போலப் பல் வெட்டிய மெல்லிய தகடுகள். ஒவ்வொன்றாக மரையின் மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு தகடு இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது.

"எந்த அரை இன்ச்னு நீங்க சொல்லவே இல்லையே சார். பன்னெண்டா, பதிமூணா? இது பதிமூணு."

தப்பு முழுக்க என்னுடையது. ஆனால் அந்தக் கேள்வி மண்டையில் தங்கிவிட்டது. அரை இன்ச் என்றால் அரை இன்ச்தானே, அதில் எப்படி இரண்டு? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜோடி ஜோடியாக

முதலில் மரை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். போல்ட்டின் வெளி விட்டம் ஒன்று. ஓர் அங்குல நீளத்துக்குள் எத்தனை மரை என்பது இரண்டு. அந்த மரையின் பள்ளம் எத்தனை டிகிரி கோணத்தில் வெட்டப்பட்டிருக்கிறது, முகடு உருண்டையா தட்டையா என்பது மூன்று. இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரு நட்டும் போல்ட்டும் ஜோடி. கடையில் நாம் சொல்வது முதலாவதை மட்டும்தான்.

நம் ஊர்க் கம்பிக் கடையில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக்கு 'நூல்' என்று பெயர். மூணு நூல் கம்பி என்றால் 3/8 அங்குலம், நாலு நூல் என்றால் அரை. அதுவும் விட்டத்தை மட்டும்தான் சொல்லும், மரையைச் சொல்லாது.

18-ஆம் நூற்றாண்டின் முடிவு வரை இது யாருக்கும் பிரச்சினையாக இல்லை. ஒவ்வொரு போல்ட்டும் அதற்கென்றே செய்த ஒரு நட்டோடு பிறந்தது. ஒன்றின் நட்டு இன்னொன்றுக்குப் போகாது. எந்திரத்தைக் கழற்றினால் எது எதோடு சேரும் என்று குறி போட்டு வைக்க வேண்டும். குறி அழிந்தால் அன்றைய வேலை போச்சு.

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரை வெட்டும் லேத்தை ஒழுங்குபடுத்தினார். முழுதும் உலோகம், துல்லியமான வழிகாட்டித் திருகு, மாற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய பல்சக்கரங்கள். ஒரே மாதிரி மரையை நூறு தடவை வெட்ட முடிந்தது. தன் பட்டறைக்குள் எந்த அளவுக்கு எத்தனை மரை என்று ஒரு முறையையும் அவர் வகுத்துக்கொண்டார். அவரிடம் வேலை பழகியவர்கள் ஆளுக்கொரு பட்டறை தொடங்கியபோது அவரவருக்கு ஒரு முறை வந்தது. முன்பு போல்ட்டுக்கு போல்ட் வேறுபட்டது, இப்போது பட்டறைக்குப் பட்டறை. ரயில் வந்ததும் இது நிஜமான தலைவலி ஆனது. ஓர் ஊரில் செய்த என்ஜின் இன்னோர் ஊரில் நின்றுபோனால், பழுது பார்க்கிற பட்டறையில் அதற்கு நட்டு இருக்காது.

சராசரி எடுத்த மனிதர்

மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜோசப் விட்வொர்த். 1833-ல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். 1841-ல் லண்டனில் சிவில் என்ஜினியர்கள் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை வைத்தார். திருகு மரைகளுக்கு ஒரே சீரான முறை வேண்டும் என்பது அதன் சாரம்.

எனக்குப் பிடித்தது அவர் போன வழி. உட்கார்ந்து கணக்குப் போட்டு 'இதுதான் சரியான மரை' என்று அவர் அறிவிக்கவில்லை. இங்கிலாந்தின் முக்கியப் பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். அளந்தார். சராசரி எடுத்தார். கோணத்துக்குக் கிடைத்த சராசரி 55 டிகிரி. கால் அங்குலத்துக்கு 20 மரை, அரை அங்குலத்துக்கு 12, ஓர் அங்குலத்துக்கு 8 என்று அட்டவணை போட்டார். முகடும் பள்ளமும் உருண்டையாக இருக்க வேண்டும்.

ஏன் சராசரி? சரியான விடை என்று ஒன்று இதில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மரை பெரிதாகவும் குறைவாகவும் இருந்தால் சீக்கிரம் திருகலாம், அடிபட்டாலும் தாங்கும், வார்ப்பிரும்பு மாதிரி நொறுங்கும் பொருளில் நன்றாகப் பிடிக்கும். நெருக்கமாக வெட்டினால் போல்ட்டின் நடுத்தண்டு பருமனாக நிற்கும், இழுவிசையை அதிகம் தாங்கும், அதிர்வில் சுலபமாகத் தளராது. ஒன்று கிடைத்தால் இன்னொன்று போகும். எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் எல்லோருக்கும் ஒரே நட்டு.

ரயில் கம்பெனிகளும் பட்டறைகளும் விட்டுக்கொடுத்தன. சில பத்தாண்டுகளில் பிரிட்டனும் அதன் காலனிகளும் விட்வொர்த் மரைக்கு வந்துவிட்டன. இந்தியாவுக்கு வந்த ரயில் என்ஜின், ஆலை எந்திரம் எல்லாவற்றோடும் அது வந்து இறங்கியது. என் கடைக்காரர் அரை இன்ச் என்று கேட்டதும் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்த 12 மரை போல்ட், அந்த 1841 அட்டவணையில் உள்ளதுதான்.

பதிமூன்று எங்கிருந்து வந்தது

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் வில்லியம் செல்லர்ஸ். ஃபிலடெல்ஃபியாவில் எந்திரக் கருவிகள் செய்தவர். 1864-ல் அங்குள்ள ஃபிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டில் தன் முறையை முன்வைத்தார். விட்வொர்த் மரையின் உருண்டை முகட்டைச் சரியாகச் செய்யத் தனிக் கருவியும் கைதேர்ந்த ஆளும் வேண்டும், 55 டிகிரியைச் சோதிப்பதும் சிரமம் என்பது அவர் வாதம். கோணத்தை 60 ஆக்கினார். அது சமபக்க முக்கோணத்தின் கோணம், எந்தப் பட்டறையிலும் உண்டாக்கிச் சரிபார்க்கலாம். முகட்டைத் தட்டையாக வெட்டினார். சாதாரண லேத்தில் சாதாரணத் தொழிலாளி செய்துவிடலாம்.

1868-ல் அமெரிக்கக் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. பெரிய ரயில் கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன.

இப்போது கவனியுங்கள். மரை எண்ணிக்கையில் செல்லர்ஸ் பெரும்பாலும் விட்வொர்த்தின் அட்டவணையோடு ஒத்துப்போகிறார். 1/4-க்கு 20. 3/8-க்கு 16. 5/8-க்கு 11. 3/4-க்கு 10. ஓர் அங்குலத்துக்கு 8. இரண்டு பேருக்கும் ஒன்றேதான். அரை அங்குலத்தில் மட்டும் அவருக்கு 12, இவருக்கு 13.

அதனால் என்ன ஆகும்? 3/8 அமெரிக்க போல்ட்டில் 3/8 விட்வொர்த் நட்டைப் போட்டால் பெரும்பாலும் ஏறிவிடும். கையால் திருகுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே 60 டிகிரிச் சரிவும் 55 டிகிரிச் சரிவும் முழுப் பரப்பிலும் உட்காராமல், ஒரு மெல்லிய விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். முழுச் சுமையையும் அந்த விளிம்பு தாங்கும். அரை அங்குலத்தில் மட்டும் ஒன்றிரண்டு சுற்றில் மாட்டிக்கொண்டு 'நான் உன் ஆள் இல்லை' என்று சொல்லிவிடும். எனக்குச் சொன்னது. நான்தான் நீளமான ஸ்பேனரைப் போட்டேன்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் தலைகீழாகத் தெரிந்தது. பொருந்தாத போல்ட்டால் ஆபத்து குறைவு, அது பாதியிலேயே நின்றுவிடும். பொருந்துவதுபோல் இருப்பதுதான் ஆபத்து. இந்த இருநூறு வருஷக் கதையில் அப்படிப்பட்ட ஜோடிகள் நிறைய.

சின்ன மின்கருவிகளுக்காக 1884-ல் பிரிட்டனில் வந்த பி.ஏ. மரை ஓர் உதாரணம். சுவிஸ் முறையைப் பின்பற்றியது, கோணம் 47.5 டிகிரி. அதில் '0 பி.ஏ.' என்பது 6 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. இன்றைய எம்6-ம் அதேதான், ஆனால் அதன் கோணம் 60. அமெரிக்க 10-32 ஸ்குரூ 4.83 மி.மீ. விட்டமும் 0.794 மி.மீ. இடைவெளியும் கொண்டது. எம்5 என்பது 5 மி.மீ., 0.8 மி.மீ. எம்5 நட்டில் அது ஏறும், கொஞ்சம் தொளதொளவென்று.

போர் கற்றுக்கொடுத்தது

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான என்ஜினைச் செய்யும் வேலை அமெரிக்கக் கார் கம்பெனியான பேக்கார்டுக்குப் போனது. 1940-ல் ஒப்பந்தம். என்ஜின் முழுக்க பிரிட்டிஷ் மரைகள். அமெரிக்க மரைக்கு மாற்றினால், லண்டனில் கழற்றுகிற மெக்கானிக் கையில் இருக்கும் உதிரி பாகம் பொருந்தாது. ஆகவே டெட்ராய்ட்டில் உட்கார்ந்துகொண்டு பேக்கார்டு பிரிட்டிஷ் மரையையே வெட்டியது. அதற்கான டேப்பும் டையும் அமெரிக்கச் சந்தையில் கிடைக்காததால் அவற்றையும் தானே செய்துகொண்டது. அப்படி 50,000-க்கும் மேற்பட்ட என்ஜின்கள்.

போர் முடிந்ததும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசின. 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒன்றுபட்ட மரைக்கு ஒப்புக்கொண்டன. கோணம் 60. அரை அங்குலத்துக்கு 13. விட்வொர்த்தின் 55 தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐ.எஸ்.ஓ. உருவாகியிருந்தது. அதன் முதலாம் எண் தொழில்நுட்பக் குழு எதற்குத் தெரியுமா? திருகு மரைக்கு. இன்று நாம் எம்6, எம்8 என்று சொல்கிற மெட்ரிக் மரை அங்கிருந்து வந்தது. 1965-ல் பிரிட்டனே தன் பழைய மரைகளைப் புதிய வடிவமைப்புகளில் தவிர்க்கும்படி சொல்லிவிட்டது.

இந்தியா 1956-ல் சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு வந்தது. ஆனால் எந்திரம் சட்டத்தைவிட நீண்ட ஆயுள் உள்ளது. நம் பட்டறைகளில் பழைய பிரிட்டிஷ் லேத், அமெரிக்க வடிவமைப்பில் வந்த மெஷின், புதிய மெட்ரிக் மோட்டார் மூன்றும் ஒரே கூரையின் கீழ் ஓடுகின்றன. கீழே விழுந்த போல்ட்டுகள் எல்லாம் ஒரே தகர டப்பாவில். என் வீட்டிலும் அந்த டப்பா உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும்.

0.026 அங்குலம்

இது வரைக்கும் வந்ததெல்லாம் சுவாரசியம் என்ற அளவில்தான் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்துப் படித்தது தூக்கத்தைக் கெடுத்தது.

1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பியது. 81 பயணிகள், 6 ஊழியர்கள். சுமார் 17,300 அடி உயரத்தில் கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டர் இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் அவர் கால்களை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி அலஸ்டர் அட்சிசன் விமானத்தை சவுத்ஹாம்ப்டனில் இறக்கினார். அவர் இறந்திருப்பார் என்றே பிடித்திருந்தவர்கள் நினைத்தார்கள். பிழைத்தார். சில மாதங்களில் மறுபடி விமானமும் ஓட்டினார்.

அந்தக் கண்ணாடி முந்தைய நாள் அதிகாலைதான் மாற்றப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகள். அவற்றில் 84 போல்ட்டுகள் விட்டத்தில் 0.026 அங்குலம், அதாவது 0.66 மி.மீ., சிறியவை. மீதி 6 விட்டம் சரி, நீளம் பத்தில் ஒரு அங்குலம் குறைவு.

எப்படி நடந்தது? போட வேண்டியது ஏ211-8டி. ஆனால் கழற்றிய பழைய கண்ணாடியில் இருந்தவை ஏ211-7டி, அதாவது முன்னாலேயே யாரோ தப்பாகப் போட்டவை. அவை ஆண்டுக்கணக்கில் தாங்கியிருக்கின்றன. அந்த ராத்திரி வேலைக்குப் பொறுப்பானவர் 'இருந்ததையே திரும்பப் போடுவோம்' என்று முடிவு செய்தார். ஸ்டோரில் இருந்தவர், இந்தக் கண்ணாடிக்கு 8டிதான் போடுவார்கள் என்று சொல்லியும் இருக்கிறார். 7டி போதுமான அளவு ஸ்டோரில் இல்லை. ஆகவே அவர் வேறோர் இடத்தில், ஆள் இல்லாத, மங்கலான வெளிச்சத்தில் இருந்த அலமாரிக்குப் போனார். பழைய போல்ட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பார்வையாலேயே ஒப்பிட்டு எடுத்து வந்தார். எடுத்தவை ஏ211-8சி.

டி என்பது 10-32 மரை, சி என்பது 8-32. இரண்டுக்கும் அங்குலத்துக்கு 32 மரை. எண்ணிக்கை ஒன்று, விட்டம் வேறு. ஆகவே போல்ட் நட்டுக்குள் தடையில்லாமல் ஏறியது, நுனியில் மட்டும் உரசிக்கொண்டு. அளவாக முறுக்குவதற்கென்று அவர் கையில் ஒரு கருவியும் இருந்தது. போதுமான இறுக்கம் வந்தால் அது 'கிளிக்' என்று விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுத்தது என்றே அவர் நினைத்தார். உண்மையில் வழுக்கியது மரை.

அந்த மனிதரை எனக்குக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. அனுபவசாலி, ஆள் பற்றாக்குறையான ராத்திரி, விடிவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. பழையதை எடு, அதே மாதிரி தேடு, திருகிப் பார், கை சொல்வதைக் கேள். நான் என் டிரில்லிங் மெஷினுக்குச் செய்ததும் அதேதான். எனக்கு அரை அங்குலம் 'நில்' என்று சொன்னது. அவருக்கு 32-ம் 32-ம் ஒன்றாக இருந்ததால் யாரும் சொல்லவில்லை. ஸ்டோர்க்காரர் ஒருவரைத் தவிர.

கை சொல்வது போதாது

போல்ட் வாங்குவதற்கு முன் நான் இப்போது செய்வதை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

வெளி விட்டத்தை வெர்னியரில் அளக்கிறேன். எழுதியிருக்கும் அளவைவிட அது ஒரு மயிரிழை குறைவாகத்தான் வரும், அது இயல்பு. பிறகு கேஜ் வைத்து மரையை எண்ணுகிறேன். அங்குலக் கேஜ், மெட்ரிக் கேஜ் இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று உட்கார்ந்துவிட்டது என்று இன்னொன்றை விடக்கூடாது. 55-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் கேஜை வெளிச்சத்தில் பிடித்தால் பள்ளத்தின் ஓரத்தில் மெல்லிய கோடாகத் தெரியும். மூன்றாவதாக, போல்ட் தலையில் உள்ள எண். மெட்ரிக் போல்ட்டில் 8.8 என்றிருந்தால் முதல் 8 என்பது அறுவதற்கு முன் அது தாங்கும் இழுவிசை, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் 80 சதவீதத்தில் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் என்பதைச் சொல்கிறது. 4.6 அதில் பாதி பலம்தான். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எம்8-க்கு எம்8 என்று மாற்றிப் போட்டாலும் தப்பு நடக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஏற்கெனவே இருந்ததை நம்பாமல் இருப்பது. அது எத்தனை வருஷம் ஓடியிருந்தாலும் சரி. மெஷினின் புத்தகம் கிடைத்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விட்வொர்த் முழுதாகப் போய்விடவும் இல்லை. உங்கள் குளியலறை அரை இன்ச் குழாயின் மரை இன்றைக்கும் அவருடைய 55 டிகிரிதான், அங்குலத்துக்கு 14. அதன் வெளி விட்டத்தை அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட 21 மி.மீ. இருக்கும். அரை என்பது பழைய இரும்புக் குழாயின் உள் அளவைச் சொல்லப் பிறந்த பெயர். அமெரிக்க அரை இன்ச் குழாய் மரையும் அங்குலத்துக்கு 14-தான், கோணம் 60. வெளிநாட்டு ஃபிட்டிங் ஒன்று நன்றாக ஏறியும் எத்தனை டெஃப்ளான் டேப் சுற்றினாலும் சொட்டிக்கொண்டே இருந்தால், பிளம்பரைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் டிரில்லிங் மெஷினின் துளையை லேத் பட்டறைக்காரர் ஒருவர் பெரிதாக்கி 5/8-க்கு மரை போட்டுத் தந்தார். 5/8-ல் விட்வொர்த்துக்கும் 11, செல்லர்ஸுக்கும் 11. எதைப் போட்டாலும் ஏறும்.

"அண்ணே, எந்த டேப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தார். டேப்பை எடுத்துத் துடைத்து, தண்டில் இருந்த எழுத்தைப் படித்தார். "விட்வொர்த்து."

துளைக்குப் பக்கத்தில் வெள்ளை பெயின்ட்டில் '5/8, 11, 55' என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு இந்த மெஷினை வாங்கப்போகிறவர் யாரென்று தெரியாது. அவருக்கு அது போதும்.